ஒய்வாவிடமிருந்து பேயைப் பிடுங்கிய படம்

ஜப்பானியப் பேய்ப்படம் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது முகத்தை மறைக்கும் நீளக் கூந்தல், வெள்ளை உடை, டிவி பெட்டிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வரும் ஒரு பெண். 1998ல் வந்த 'ரிங்கு' படத்தின் உபயம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கொள்ளுப்பாட்டி இருக்கிறாள். பெயர் ஒய்வா. 1825ல் எடோ நகரத்துக் (இன்றைய டோக்கியோ) கபூகி மேடையில் ஏறியவள். அதன் பிறகு நாடகத்திலும் ஓவியத்திலும் சினிமாவிலும் அவளை எத்தனை முறை எழுப்பிவிட்டார்கள் என்று எண்ணி மாளாது. அந்தப் படங்களுக்குள் ஒன்று மட்டும் ரொம்பவே விசித்திரம். ஒய்வா கதையைப் படமாக எடுத்துவிட்டு, ஒய்வாவின் பேயை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள்.

'ஷின்ஷாகு யோத்சுயா கைதான்' என்பது படத்தின் பெயர். 'யோத்சுயா பேய்க்கதை - புதிய விளக்கம்' என்று சொல்லலாம். யோத்சுயா டோக்கியோவில் ஒரு பகுதி. 1949 ஜூலையில் ஷோச்சிக்கு கம்பெனி இரண்டு பாகங்களாக வெளியிட்டது. இரண்டும் சேர்ந்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இயக்கியவர் கெய்சுகே கினோஷிதா. அவருடைய 'இருபத்து நான்கு கண்கள்' (1954), 'நராயாமா பாடல்' (1958) எல்லாம் திரைப்பட விழா ஆசாமிகளுக்கு மனப்பாடம். இந்தப் படத்தைப் பற்றி அவர்களே அதிகம் பேசுவதில்லை.

பார்த்தவர்கள் இரண்டு கட்சி. பேய்ப்பட ரசிகர்கள், "பேய் எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள். கலைப்பட ரசிகர்கள், "பேய் வெளியே இல்லை, மனசாட்சிதான் பேய்" என்று சொல்லி மெய்சிலிர்ப்பவர்கள். இரண்டாவது கட்சி சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை இரண்டு பேருமே கேட்பதில்லை. அந்தப் பேய் யாருடைய சொத்து? அதைப் பிடுங்கியதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

(கதை முழுவதும் இங்கே வரும். கதை தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 1825லேயே வெளியான கதை என்பதால் பெரிய பாவம் இல்லை.)

முதலில் மூலக்கதை. நான்காம் சுருயா நம்போகு எழுதிய 'தோக்காய்தோ யோத்சுயா கைதான்' நாடகத்தில் இயெமோன் ஒரு ரோனின், அதாவது எஜமானன் இல்லாத சாமுராய். சம்பளம் கிடையாது. எண்ணெய்க் காகிதக் குடை ஒட்டிப் பிழைக்கிறான். மனைவி ஒய்வா பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பணக்காரரின் பேத்தி ஒவுமேவுக்கு இயெமோன் மேல் ஆசை. அந்த வீட்டிலிருந்து ஒய்வாவுக்கு 'மருந்து' வருகிறது. கும்பிட்டு வாங்கிக் குடிக்கிறாள். முகம் வீங்கி ஒரு பக்கம் சிதைகிறது. அவளுக்கு அது தெரியாது. யாரோ கண்ணாடியைக் காட்டிய பிறகுதான் தெரிகிறது. அந்த நிலையிலும் அவள் பல்லுக்கு மை தீட்டி, தலை வாரி, அந்த வீட்டுக்குப் போய் நியாயம் கேட்கப் புறப்படுகிறாள். சீப்போடு முடி கொத்துக் கொத்தாக வருகிறது. கபூகியில் மிகவும் பேர் பெற்ற காட்சிகளில் இது ஒன்று. வாசலைத் தாண்டும் முன்பே செத்துப் போகிறாள்.

அதுவரை அவள் வெறும் ஏழை மனைவி. திட்டினால் வாங்கிக்கொள்பவள், கொசுவலையைக் கூடப் புருஷன் அடகு வைக்கப் பிடுங்கிக்கொண்டு போனால் அழுபவள். செத்த பிறகுதான் அவளுக்குக் கை கால் முளைக்கிறது. புதுக் கல்யாணப் பெண்ணின் முகத்தில் தெரிகிறாள், இயெமோன் வாளை வீசுகிறான், விழுந்தது ஒவுமேவின் தலை. ஆற்றில் மிதந்து வரும் கதவுப் பலகையில் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் வேலைக்காரன் கொஹெய். காகித விளக்கைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். எலிகளை ஏவுகிறாள். ஓவியர் ஹொகுசாய், விளக்கே ஒய்வாவின் முகமாகத் தொங்குவது போல் வரைந்த படம் உலகப் பிரசித்தம். உயிரோடு இருந்தபோது தெருவில் ஒருவரும் கேட்காத குரல், செத்த பிறகு ஊரையே நடுங்க வைக்கிறது. பார்க்கிற பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அதில் ஒரு திருப்தி இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இப்போது கினோஷிதா. இவருடைய இயெமோன் பிறவிக் கொடூரன் கிடையாது. கையாலாகாதவன். வேலை போனதில் மனம் கசந்தவன், நல்ல காலம் வரும் என்று காத்துக் காத்து அலுத்தவன். ஒய்வாவுக்குக் கரு கலைந்துவிட்ட துக்கம். அவள் அவனையே சுற்றிச் சுற்றி வருகிறாள், அந்த அன்பே அவனுக்கு மூச்சு முட்டுகிறது. இதற்குள் நுழைகிறான் நாவோசுகே. சிறையை உடைத்துத் தப்பி வந்தவன். படத்தின் சகுனி. பணக்கார வியாபாரி மகள் ஒவுமே ஒரு பக்கம், அவளுக்காக அலையும் தாதி ஒரு பக்கம். நடுவில் நின்று நாவோசுகே கயிற்றைத் திரிக்கிறான். இயெமோனிடம் அவன் நேராகக் "கொல்லு" என்று வந்து நிற்பதில்லை. "உன் நிலைமைக்கு யார் காரணம்?" என்ற தோரணையில் பேசிப் பேசியே அவனை அந்த இடத்துக்கு நகர்த்துகிறான். ஒசாமு தகிசாவா இந்த வேடத்தில் சிரிக்கும் சிரிப்பு, எந்தப் பேயையும் விடப் பயங்கரம். தாதியாக வருபவர் ஹருகோ சுகிமுரா. ஓசுவின் 'டோக்கியோ கதை'யில் (1953) பெற்றவர்களை எப்போது ஊருக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடும் மகளாக வருவாரே, அவரேதான்.

ஒய்வா சாகிறாள். அதன் பிறகு இயெமோன் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிகிறாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. விளக்கம் சுலபம். குற்றம் செய்தவனின் மூளை காட்டும் படம். அவள் தங்கை ஒசொதேவாகவும் அதே நடிகை நடித்திருப்பதால் செத்தவளின் முகம் உயிரோடு ஊருக்குள் நடமாடுகிறது, அதற்கும் மந்திரம் மாயம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. எதுவும் கல்லறையிலிருந்து எழுந்து வரவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் உடனே வரும் பதில், அமெரிக்கத் தணிக்கை. பாதி சரி. போரில் தோற்ற ஜப்பானை 1952 ஏப்ரல் வரை நேசநாட்டுப் படைகள் ஆண்டன. 1945 நவம்பரில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் சினிமாவில் என்னென்ன வரக்கூடாது என்று 13 விஷயங்களைப் பட்டியல் போட்டது. பழிவாங்குவதை நியாயமான நோக்கமாகக் காட்டுவது அதில் ஒன்று. பெண்களை இழிவுபடுத்துவதை ஆதரிப்பது இன்னொன்று. எஜமான விசுவாசத்தைப் புகழ்வது, தற்கொலையை ஏற்றுக்கொள்வது எல்லாம் வரிசையாக உண்டு. 47 ரோனின்கள் பழிவாங்கும் 'சூஷிங்குரா' நாடகத்தையே முழுதாக மேடையேற்ற 1947 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யோத்சுயா கதை அந்த 'சூஷிங்குரா'வின் நிழல் மாதிரி. 1825ல் இரண்டையும் கலந்து இரண்டு நாள் நிகழ்ச்சியாகத்தான் போட்டார்கள். அங்கே விசுவாசமான ரோனின்கள், இங்கே விசுவாசமே இல்லாத ஒரு ரோனின். ஆக, பழிவாங்கும் பேயை நாயகியாக வைத்துப் படம் எடுப்பது 1949ல் லேசான காரியமாக இருந்திருக்காது.

ஆனால் தணிக்கை மட்டுமே காரணம் என்றால் படம் வேறு மாதிரி இருந்திருக்கும். பயந்து வெட்டிய படங்களில் வெட்டிய தழும்பு தெரியும். இதில் தெரியவில்லை. பேய் இல்லாமல் இருப்பதற்காகவே கதையை அடியிலிருந்து கட்டியிருக்கிறார்கள். திரைக்கதை எழுதிய எய்ஜிரோ ஹிசாய்தாதான் கினோஷிதாவின் 'ஒசோனே குடும்பத்தின் விடியல்' (1946) படத்துக்கும் எழுதியவர். போர் ஒரு குடும்பத்தைத் தின்ற கதை அது. மனிதர்கள் எப்படித் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்த இருவருக்கும் ஆர்வமான விஷயம்.

கினோஷிதாவுக்கு அதில் சொந்தக் கணக்கும் உண்டு. 1944ல் ராணுவத்தின் ஆதரவில் 'ரிக்குகுன்' (ராணுவம்) என்ற படம் எடுத்தார். மகனைப் போருக்கு அனுப்பும் குடும்பத்தின் பெருமையைச் சொல்ல வேண்டிய படம். கடைசிக் காட்சியில் தாய், அணிவகுத்துப் போகும் மகனைப் பார்க்கத் தெருவெல்லாம் தள்ளாடி ஓடுகிறாள். நிமிடக்கணக்கில் ஓடுகிறாள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. பெருமை எல்லாம் அந்த ஓட்டத்தில் கரைந்து போகிறது. ராணுவத்துக்குக் கோபம் வந்தது, போர் முடியும் வரை கினோஷிதாவால் அடுத்த படம் எடுக்க முடியவில்லை. அந்தத் தாயாக ஓடியவர் கினுயோ தனகா. ஐந்து வருடம் கழித்து ஒய்வாவாகவும் ஒசொதேவாகவும் நடித்தவர் அவரேதான்.

இயெமோனாக நடித்தவர் கென் உவெஹாரா. இந்த ஜோடியை வெளிநாட்டுக்காரர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள், அன்றைய ஜப்பானிய ரசிகர்களால் முடிந்திருக்காது. 1938ல் 'அய்சென் கட்சுரா' என்ற காதல் படம் ஜப்பானையே அழ வைத்தது. உவெஹாரா பணக்கார டாக்டர், தனகா குழந்தையோடு இருக்கும் விதவை நர்ஸ். அந்த டாக்டரும் நர்ஸும் பதினொரு வருடம் கழித்து அழுக்கு வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் அவளைக் கொல்லப் போகிறான். தமிழ்நாட்டில் பெண்கள் உருகிய காதல் மன்னன் ஒருவரை மனைவிக்கு விஷம் வைப்பவராகப் போட்டால் தியேட்டரில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். உவெஹாராவின் அழகான, சற்றுத் தளர்ந்த முகம்தான் இந்தப் படத்தின் பெரிய சூழ்ச்சி. "இவன் போய் செய்வானா?" என்று கடைசி நிமிடம் வரை தோன்றிக்கொண்டே இருக்கிறது. செய்கிறான்.

படம் வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையின் தீர்ப்பு 1948 நவம்பரில் வந்தது, டிசம்பரில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். "மேலிடம் சொன்னது, சூழ்நிலை அப்படி, நான் மட்டும் என்ன செய்ய முடியும்?" இந்த மூன்று வாக்கியங்களும் அன்று ஒரு நாட்டின் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தன. இயெமோன் பேசுவதும் கிட்டத்தட்ட இதே பாஷைதான். இன்னொரு பக்கம் வேலையின்மை. 1949ல் சிக்கன நடவடிக்கை என்று ரயில்வேயில் மட்டும் லட்சத்தை நெருங்கும் ஊழியர்களை நீக்கும் திட்டம் வந்தது. அதை அறிவித்த ரயில்வே தலைவர் ஷிமோயாமா அந்த ஜூலை மாதத்திலேயே காணாமல் போய், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கொலையா தற்கொலையா என்பது தீரவே இல்லை. அதே மாதம் தியேட்டருக்குப் போனவர்களுக்கு, வேலை போன சாமுராய் குடை ஒட்டுவது பழங்காலத்துக் கதையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ரப்பர் முகமூடிப் பேயை அனுப்பாமல், தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும் ஒரு மனிதனை அனுப்பினார் கினோஷிதா. துணிச்சல்தான். இந்த அளவுக்கு மனசாட்சிக் கட்சியோடு சண்டையே இல்லை.

சண்டை அடுத்த இடத்தில் வருகிறது. பேயை இயெமோனின் மூளைக்குள் வைத்த உடனே, அது இயெமோனின் பேயாகிவிடுகிறது. ஒய்வாவுடையது இல்லை. அவன் வருந்தினால் வரும், அவன் தூங்கினால் போகும். கபூகி ஒய்வா தன் வழக்கைத் தானே நடத்தினாள். சாட்சி, வக்கீல், நீதிபதி எல்லாம் அவளே. 1949ன் ஒய்வா கொலைகாரனின் தலைவலி. இரண்டாம் பாகம் முழுக்க காமிரா அவனுடைய வியர்வையையும் பதைப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு கட்டத்தில் "பாவம்" என்று தோன்றுகிறது. யாருக்குப் பாவம்? விஷம் குடித்தவளுக்கா, கொடுத்தவனுக்கா?

நாவோசுகேயின் பாத்திரமும் இங்கே உறுத்துகிறது. நாடகத்தில் அவனுக்கு வேறு கதை. அவன் கண் ஒசொதே மேல், அந்தக் கிளைக்கதையிலேயே சுற்றி வருகிறான். படத்தில் அவனை முழுநேரச் சகுனியாக்கியதால் இயெமோனின் பங்கு குறைந்துவிடுகிறது. "ஆள் தூண்டிவிட்டான், இவன் விழுந்துவிட்டான்." சகுனி இருந்ததால் துரியோதனனுக்குத் தண்டனை குறைந்ததா என்ன? படம் எந்தச் சாக்கை அம்பலப்படுத்த வருகிறதோ, அதே சாக்கைப் பின்வாசல் வழியாக இயெமோனுக்குக் கொடுத்து அனுப்புகிறது. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களை மறுபடி படித்தால் இது ஒய்வா என்ற ஒரு பெண்ணோடு நிற்கிற விஷயமில்லை என்பது புரியும். போரில் செத்தவர்களும் இப்படித்தான், கொன்றவர்களின் கெட்ட கனவாக மட்டும் கதைக்குள் வந்து போகிற ஆபத்து இருந்தது.

குற்ற உணர்ச்சி நல்ல விஷயம், இல்லாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது உயிரோடு இருப்பவனுக்குக் கிடைக்கும் வசதி. செத்தவளுக்கு அதில் பைசா பிரயோஜனம் இல்லை. நம்போகு ஒரு மலிவான மேடைத் தந்திரக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. அவருக்கு இது புரிந்திருந்தது. பலகையைத் திருப்புவதும் விளக்கைக் கிழிப்பதும் வெறும் தந்திரம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தந்திரங்களின் வழியாகத்தான் ஒரு ஏழைப் பெண் மேடையின் நடுவில் வந்து நின்றாள்.

பத்து வருடம் கழித்து, 1959ல், நொபுவோ நககாவா ஷின்தோஹோ கம்பெனிக்காக இதே கதையைக் கலரில் எடுத்தார். சின்ன கம்பெனி, கோடைகாலப் பேய்ப்பட வியாபாரம். அதில் ஒய்வா திரும்பி வந்துவிட்டாள். சிதைந்த முகத்தோடு, கையில் கொத்து முடியோடு, முழு உரிமையோடு. ஷிகெரு அமாச்சியின் இயெமோன் அங்கேயும் நடுங்குகிறான், குற்ற உணர்ச்சி அங்கேயும் இருக்கிறது. ஆனால் அவன் அழுவதைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. இரண்டில் எது 'உயர்ந்த' படம் என்று கேட்டால் பண்டிதர்கள் பாதிப் பேர் கினோஷிதாவைக் காட்டக்கூடும். எது ஒய்வாவுக்கு நியாயம் செய்த படம் என்று கேட்டால் பதில் நககாவாதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் 1949 படத்தை ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கினுயோ தனகா. திரைக்கதை அவரிடமிருந்து பேயைப் பிடுங்கிவிட்டது, ஆகவே உயிரோடு இருக்கும் காட்சிகளிலேயே அவர் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது. முதல் பாகத்தில் அவர் புருஷனைப் பார்க்கும் பார்வையைக் கவனிக்க வேண்டும். எங்கே கோபப்பட்டுவிடுவானோ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் கண்கள். அவன் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் முகம் அப்படியே மலர்ந்துவிடுகிறது, பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது. முகத்தில் வெந்நீர்க் காயம் பட்ட பிறகும் அவளுக்கு வலியைவிடப் பெரிய கவலை, அவன் இனித் தன்னைப் பார்ப்பானா என்பது. வீட்டுக்குள் இப்படி வாழும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் பேய் எதுவும் தேவைப்படாது. விஷத்தை மருந்து என்று நம்பி வாங்கும்போது புருஷன் தன்மேல் அக்கறை காட்டுகிறான் என்று அவள் சந்தோஷப்படுவதைத் தாங்கிக்கொள்வது கஷ்டம்.

அதே தனகா ஒசொதேவாக வரும்போது முதுகு நிமிர்ந்திருக்கிறது. அதே முகம்தான். அன்பான, ஏழையான, ஆனால் மிதிபடாத ஒரு மனைவி. ஒய்வாவுக்குப் பக்கத்தில் இவளை வைத்தது கினோஷிதாவின் கெட்டிக்காரத்தனம். பேய் பேச முடியாததை இந்தத் தங்கையின் முகம் கொஞ்சம் பேசுகிறது. கொஞ்சம்தான்.

டோக்கியோவின் யோத்சுயாவில் ஒய்வாவின் பேரில் சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. இந்தக் கதையை நாடகமாகவோ படமாகவோ எடுப்பவர்கள் முதலில் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கம். இல்லாவிட்டால் விபத்து நடக்கும் என்று நம்பிக்கை. பேயை நம்பாதவர்களும் போகிறார்கள். இயெமோன் பேரில் அனுமதி கேட்கும் வழக்கம் எதுவும் இல்லை.

பார்க்க நினைப்பவர்கள் 1949 படத்தின் இரண்டு பாகங்களையும் முதலிலும், 1959 படத்தை அதற்குப் பிறகும் பார்ப்பது நல்லது. வரிசை மாறினால் கினோஷிதா சப்பென்று இருப்பார். இரண்டாம் பாகம் நடுவில் இழுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் பாகத்தை மட்டும் தூக்கம் வரும் நேரத்தில் போடாமல் இருப்பது தனகாவுக்குச் செய்யும் மரியாதை.